மதிலுக்கும் ஒண்டுக்கு வரும்

இந்தத் தீவில் மதில் கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மழைக்குள் சைக்கிளில் போய், தான் கட்டிய மதில்களை ஒவ்வொன்றாகச் சுகம் விசாரித்தவர் ஒரே ஒருவர்தான். வவுனியாவில் எங்கள் ஒழுங்கைச் சனம் அவருக்கு வைத்த பெயர் 'ஒண்டுக்கு மேசன்'. சொந்தப் பெயரை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பெயருக்குக் காரணம் உண்டு. மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கிற மதிலுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும். அது வெளியே போக மதிலின் அடியில் ஓட்டைகள் விட வேண்டும். மற்ற மேசன்மார் இதை நாகரிகமாகச் சொல்வார்கள். இவரோ முன்னால் நிற்பது யாரென்றும் பாராமல், "மதிலுக்கும் ஒண்டுக்கு வரும். அடக்கி வைச்சால் என்ன நடக்கும், சொல்லுங்கோ பாப்பம்?" என்பார். ஒரு கோயில் ஐயர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே ஓட்டைகளுக்குச் சம்மதித்தார் என்று கேள்வி.

என் காணி சின்னது. வெள்ளத்துக்குப் பயந்து லொறியில் கிரவல் மண் கொண்டுவந்து பறித்து முற்றத்தை ஆளுயரத்துக்கு உயர்த்தினேன். உயர்த்திய பிறகுதான் கண் திறந்தது. மண் மெல்ல மெல்ல வேலியைத் தள்ளிக்கொண்டு, பள்ளத்திலிருந்த பக்கத்துக் கீழ்வளவுக்குள் சரிந்துகொண்டிருந்தது. அங்கே மாரியாயி அக்கா தனியாக இருந்தார். சின்ன வயதில் மலையகத்திலிருந்து வந்தவர். ஒரு அறையும் ஒரு குசினியும்தான் அவருடைய வீடு. உடனே மேசனுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சைக்கிளைக் கீழ்வளவில் சாத்திவிட்டு, அக்கா போட்ட கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்தார். மேலே நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேசன், மதில் கட்டுறது எனக்கு!"

"தெரியும் தம்பி. விழுந்தால் இவாவுக்குத்தானே?"

பிறகு அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி ஒரு மாதம் ஒழுங்கை முழுக்க உலாவியது. "பிள்ளை, எந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கிறனீங்கள்?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். "என்னங்க இது கேள்வி? இந்தப் பக்கந்தான், செவுத்தோரமா."

மேசனார் சிரிக்கவில்லை. அந்தத் தலைமாட்டிலிருந்து என் மண்மேடு வரைக்கும் அடிமேல் அடி வைத்து அளந்தார். பதினொரு அடி. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்கு ஏறி வந்தார்.

வந்தும் வேலை தொடங்கவில்லை. என்னைக் கொண்டே முற்றத்தில் நாற்பது வாளி தண்ணீர் ஊற்றுவித்து, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க மண்ணில் குப்புறப் படுத்தார். தேத்தண்ணீரோடு வந்த என் மனைவி, "ஐயோ, மேசன் விழுந்திட்டார்!" என்று கத்தினாள்.

"சத்தம் போடாதேங்கோ பிள்ளை. தண்ணி வருது."

அத்திவாரம் வெட்டத் தொடங்கி இடுப்பளவுக்கு இறங்கிவிட்டார். "மதில் கட்டுறியளோ, கிணறு வெட்டுறியளோ?" என்றேன். கருங்கல் மதிலை என் மண்ணின் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கட்டினார். கட்டி முடியமுதலே சரிந்துவிட்டதென்று ஊர் சிரித்தது. "மண் தள்ளும். நாங்களும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு நிக்க வேணும்" என்றார். ஓட்டைகளின் பின்னால் சல்லிக்கல் நிரப்பி, மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து இறுக்கினார். மொத்தம் ஏழு ஓட்டைகள்.

அடுத்த வருடம் என் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. ஒழுங்கையில் திரும்புகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த மதில்தான். ஆசையாக மஞ்சள் பூசியிருந்தேன். ஒவ்வொரு ஓட்டையின் கீழும் கிரவல் தண்ணீர் வடிந்து பழுப்புக் கறை. வீடியோக்காரர் வேறு வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சீமெந்து குழைத்து ஏழையும் அடைத்து, மேலே மஞ்சளும் பூசினேன். அக்காவிடம் ஒரு சொல் சொன்னேன். "ஒங்க செவுருங்க" என்றார். அவ்வளவுதான்.

விசேஷம் நன்றாக நடந்தது. கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை, உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேசனார் வந்தார். கீழ்வளவிலிருந்து அவர் போட்ட சத்தம், அதற்கு முன் நான் அவரிடம் கேட்டறியாதது.

"தம்பி! என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்!"

ஓடினேன். மதிலின் நடுப்பகுதி வெளியே புடைத்திருந்தது. தலைமயிர் போல ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதற்கு நேரே, பதினொரு அடி தள்ளி, அக்கா காய்ச்சலோடு படுத்திருந்தார், அதே தலைமாட்டில்.

"பிள்ளை, வெளியிலை வாங்கோ! பாயைப் பிறகு எடுக்கலாம்!"

என் மனைவி அக்காவைக் கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மேசனார் இரும்பு அலவாங்கை எடுத்து, அந்தப் புடைத்த மதிலுக்கு நேர் கீழே நின்று அடைப்புகளை இடிக்கத் தொடங்கினார். கிட்டப் போன என்னைக் கையால் தள்ளிவிட்டார். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கச் சேற்றுத்தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஆறு திறந்து, தண்ணீரின் வேகம் தணிந்த பிறகு, அலவாங்கை என் கையில் தந்தார்.

"நீங்கள் அடைச்சது. ஒண்டையாவது நீங்கள் திறவுங்கோ."

திறந்தேன். என் முற்றத்து மழை முழுக்க என் காலடியால் ஓடியது. மதில் விழவில்லை. விழுந்திருந்தால், அந்த மஞ்சள் பூச்சுக்காக ஒரு மனுசியைக் கொன்றிருப்பேன்.

மழை விட்டதும் மேசனார் புடைத்த இடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். நாலு நாளைக்குப் பிறகு அக்கா தன் வீட்டுக்குத் திரும்பினார். "ஐயா, தலைய மாத்தி வச்சிக்கவா?" என்று மேசனாரைக் கேட்டார்.

மேசனார் மதிலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் பிள்ளை. அங்கையே வையுங்கோ. நான் வந்து வந்து பாக்கிறன்."

வந்து வந்து பார்த்தார். இப்போது முழங்கால் விட்டுவிட்டது. ஒட்டுசுட்டானில் மகளோடு இருக்கிறார். மழை தொடங்கினால் போன் அடிக்கும்.

"போகுதோ?"

"போகுது மேசன்."

"ஏழும்?"

"ஏழும்."

என் வாய்ச்சொல்லை அவர் நம்புவதில்லை, நம்பாததும் நியாயம். அதனால் அக்கா குடை பிடிக்க, நான் குனிந்து ஒவ்வொரு ஓட்டையிலும் போனைப் பிடிப்பேன். ஏழாவது சத்தத்தையும் கேட்டபிறகுதான் வைப்பார்.

இந்த முறை மழை பிந்திவிட்டது. ஒரு மாதமாகப் போன் இல்லை. நேற்றுப் பின்னேரம் முற்றத்துக் கரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். மனைவி ஒரு மாதிரிப் பார்த்தாள். நாற்பதாவது வாளியோடு ஏழாவது ஓட்டை சொட்டத் தொடங்கியது. ஓடிப்போய் ஒட்டுசுட்டானுக்குப் போன் எடுத்துப் பிடித்தேன்.

"தம்பி, பொய் சொல்லாதேங்கோ. அங்கை மழையில்லை."

"இல்லைத்தான் மேசன். உங்கடை குரல் கேட்டுக் கனநாள்."