குழிக்குள் நாற்காலி போட்ட மெம்பர்

மதுரை ஜில்லாவில் பஞ்சாயத்து மெம்பர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். ரோட்டில் குழி இருக்கிறது என்று சொன்னால், அந்தக் குழிக்குள்ளேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குறை கேட்டவர் எங்கள் சேர் மெம்பர் ஒருவர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தேர்தல் சமயத்தில் சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்ததோடு அதுவும் போய்விட்டது. கையோடு நாற்காலி கொண்டுவருகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சேர் மெம்பர்’தான். ஒத்தக்கடையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, குண்டான், ஜமுக்காளம், மடக்கு நாற்காலி எல்லாம் அவரிடமிருந்துதான் போகும். வெகு காலம் நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் தொண்ணூறுகளில் ஒருவழியாக நடந்தபோது, சும்மா இருந்தவரைச் சொந்தக்காரர்கள் பிடித்து நிறுத்திவிட்டார்கள். நாற்காலிச் சின்னம் கேட்டார். பூட்டு சாவி கொடுத்தார்கள். பூட்டு சாவிக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நாற்காலியோடு வந்தார். ஜனங்களுக்குக் குழப்பமோ என்னவோ, ஜெயித்துவிட்டார்.

நான் அப்போது டவுனில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வாடகை கொடுத்து மாளாமல், ஒத்தக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி, வயலைப் பிளாட் போட்டு விற்ற ‘நகர்’ ஒன்றில் வீடு கட்டியிருந்தேன். நகர் என்று பெயர்ப்பலகை சொன்னது. ரோடு, சாக்கடை, தண்ணீர்க்குழாய் எதுவும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குறை சொல்லலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெம்பரைப் பிடித்தேன்.

“அண்ணே, ரோடு ரொம்ப மோசமா இருக்கு.”

“எந்த எடத்துல சார்?”

காட்டினேன். பைக்கின் பின்னால் கட்டியிருந்த இரும்பு மடக்கு நாற்காலியை அவிழ்த்தார். முதுகில் அவர் கடைப் பெயரின் முதலெழுத்து சிவப்புப் பெயிண்டில் இருந்தது. அதைக் குழிக்குள் விரித்து, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்து, “இப்பச் சொல்லுங்க” என்றார். அவர் தலை என் இடுப்பு உயரத்தில் இருந்தது. அந்த உயரத்திலிருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கேட்கும்போது கோபமாகப் பேச வராது. நானும் குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பேசினேன்.

“எதுக்குண்ணே இந்த நாற்காலி?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நின்னுக்கிட்டே கேட்டா எப்படா கெளம்புவோம்னு இருக்கும் சார். உக்காந்து கேட்டாத்தான் குறை முழுசா காதுல விழுகும்” என்றார்.

குப்பை நாறுகிறது என்றால் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி. டிபன் பாக்ஸைத் திறந்து அங்கேயே சாப்பிடவும் செய்தார். குப்பை வண்டிக்காரர் அதைப் பார்த்துக் குமட்டி, மறுநாளிலிருந்து ஒழுங்காக வர ஆரம்பித்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயடியில் நாற்காலி. அங்கே மட்டும் பெண்கள் விரட்டிவிட்டார்கள்.

மேலூர் ரோட்டில் எங்கள் நகருக்கு எதிரே டவுன் பஸ் நிற்காது. கையைக் காட்டினால் டிரைவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இதைச் சொன்னதும் மெம்பர் வெள்ளை வேட்டி சட்டையோடு ரோட்டோரப் புளியமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, மடியில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். போகிற பஸ்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், அவ்வளவுதான். செக்கிங் ஆபீசர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்த ஒரு கண்டக்டர் பதறிப்போய் விசில் அடித்தார். பஸ் நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. சேதி டிப்போ வரைக்கும் போயிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க எல்லா பஸ்ஸும் நின்றது. பிறகு பழக்கமாகிவிட்டது.

இப்படி எல்லாம் சாதித்தவருக்கு எங்கள் தெருத் தண்ணீர் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டைவிட நம் வீட்டு பேஸ்மென்ட் ஓர் அடியாவது உயரமாக இருக்க வேண்டும். பிறகு ஸ்கூட்டர் ஏறுவதற்கு வாசலில் சிமெண்டில் ஒரு சரிவு. கட்டி மிஞ்சிய செங்கல் தூளையும் சல்லியையும் வீட்டுக்கு முன்னால் கொட்டி ரோட்டையும் தன் பங்குக்கு உயர்த்திக்கொள்வது. கடைசியாகக் கட்டியவன் மலையில் இருப்பான். முதலில் கட்டியவர்கள் பள்ளத்தில் இருப்பார்கள். அவரவர் வாசலில் நின்று பார்த்தால் அவரவர் செய்தது நியாயமாகத்தான் தெரியும். நானும் ஓர் அடி உயர்த்தித்தான் கட்டியிருந்தேன்.

எல்லோருக்கும் முதலில் கட்டியது என் எதிர்வீட்டு சரோஜா அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம். டவுனில் ஒரே அறையில் தறியும் அடுப்பும் ஆட்களுமாக வாழ்ந்து, அக்கா சேலைக்குக் குஞ்சம் முடிந்தும், அவர் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் நின்றும் கட்டிய வீடு. ஆள் நடமாட்டமில்லாத கருவேலங்காட்டில் முதல் விளக்கை ஏற்றியவர்கள் அவர்கள்தான். ஐப்பசியில் மழை பிடித்தால் தெருத் தண்ணீர் முழுக்க அவர்கள் நடுவீட்டுக்குள் போகும். அரிசி மூட்டை, துணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் கட்டில்மேல் ஏறும். அந்த வீட்டில் தரையில் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்பே அக்கா மெம்பரிடம் சொன்னார்: “அண்ணே, இந்த ஒரு மழை பாப்போம். இந்தத் தடவையும் உள்ள வந்துச்சுன்னா வீட்டப் பூட்டிட்டு டவுனுக்கே போயிர்றோம். எம்புட்டுத்தான் அள்ளி ஊத்துறது?”

குரலில் சண்டை இல்லை. அதுதான் மெம்பரைத் தைத்திருக்க வேண்டும். அந்த வாரமே யூனியன் ஆபீஸிலிருந்து ஓவர்சீயரைக் கூட்டிவந்தார். ஓவர்சீயர் தெருவைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வெளியே போக ஒரு வழி கண்டுபிடிக்காமல் ரோடு போட்டால் ரோடே மிதந்து போய்விடும் என்றார். வழி எங்கே அடைபட்டிருக்கிறது? ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டுச் சரிவைக் காட்டினோம். பேச்சு முற்றிக் கைகலப்பு ஆகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

“மழை வரட்டும். தண்ணிகிட்டயே கேட்டுருவோம்” என்றார் மெம்பர்.

வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடைமழை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, மெம்பர் குடையோடும் நாற்காலியோடும் தெருமுனையில் இறங்கினார். தண்ணீர் ஓடுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். காலுக்குக் கீழே அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். எழுந்து, நாற்காலியைத் தூக்கி, பத்தடி தள்ளிப் போட்டு, மறுபடி உட்காருவார். என் வீட்டு ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்திருந்தபோது என் மனைவி சூடாகக் காபி கொடுத்தனுப்பினாள். மழைத் தண்ணீரும் கலந்த காபியை அவர் நிதானமாகக் குடித்தார்.

அப்படியே தெருவின் கடைசி வரைக்கும் போனார். தண்ணீர் அங்கே ஒரு நீளச் சுவரில் முட்டி, சுழன்று, திரும்பி சரோஜா அக்கா வீட்டை நோக்கி வந்தது. நானும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். மெம்பர் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அது அவருடைய குடோன் சுவர். பிளாட் விற்றவன் காட்டிய எல்லைக்கல்லை நம்பி, அந்தக் கல்லுக்கு நேராக நியாயமாகக் கட்டியதுதான். கல் நட்டிருந்தது, கண்மாய்க்குப் போன பழைய வாய்க்காலைத் தூர்த்த இடத்தில்.

“தண்ணி நம்மளக் கேட்டு இங்க வரல சார். நாமதான் அதக் கேக்காம வந்துட்டோம்” என்றார். பிறகு நாற்காலியை மடக்கினார். அன்று தெருமுனையில் விட்ட பைக்கையும் மறந்து, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி வீட்டுக்கு நடந்து போனார்.

அன்று சாயங்காலம் சரோஜா அக்கா வீட்டில் பெட்டி கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவன், கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டேன். மெம்பர் தன் குடோன் வாசலில், தன் குடோனைப் பார்த்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, கடை தொறக்கலையா?”

“குறை சொல்ல வந்துருக்கேன் சார்.”

“யார்கிட்ட?”

“மெம்பர்கிட்டத்தான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குடோனை ஒட்டித்தான் அவர் வீடு. அவர் மனைவி வெளியே வந்தார்.

“ஏங்க, உள்ள வாங்க. இட்லி ஆறுது.”

“மெம்பரப் பாக்காமப் போக மாட்டேன்.”

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவர், உடனே புரிந்துகொண்டார். உள்ளே போய் இன்னொரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, எதிரே விரித்து உட்கார்ந்தார்.

“மெம்பர் வீட்டுல இல்ல. என்ன வெவரம்னு எங்கிட்டச் சொல்லுங்க.”

“இந்தச் சுவரு வாய்க்கா மேல நிக்கிது. இத எடுத்தாத்தான் தண்ணி கம்மாய்க்குப் போகும்.”

“எடுத்தா பாதிக் குடோன் போயிரும். அம்புட்டுப் பாத்திரத்தையும் எங்கிட்டு வைக்கிறது?”

“அது தெரியல.”

“பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல தொழிலச் சுருக்கிட்டு என்ன செய்யிறதுன்னு மெம்பர் யோசிச்சாரா?”

“யோசிச்சாரு. ஒண்ணும் பிடிபடல.”

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த அம்மா தெருவை ஒருதரம் பார்த்தார். சரோஜா அக்கா வீட்டு வாசலில் பெட்டிகளும் சுருட்டிய பாயும் வண்டிக்காகக் காத்திருந்தன.

“நெசமாவே கெளம்பிட்டாகளா?” என்று கேட்டார், இப்போது மெம்பரின் மனைவியாக.

“ஆமா.”

பிறகு அந்த அம்மா எழுந்து நாற்காலியை மடக்கினார். “சரி, மெம்பர் வந்தா சொல்றேன். சுவத்த எடுக்கச் சொல்லி நானே சொன்னேன்னும் சொல்றேன். இப்பச் சாப்பிட வாங்க.”

மெம்பர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சொல்வதற்கு என்ன.

அன்று மத்தியானமே கடப்பாறை விழுந்தது. அண்டாவும் குண்டானும் ரோட்டில் குவிந்தன. என்ன செய்வது என்று மெம்பர் விழித்துக்கொண்டிருந்தபோது சரோஜா அக்கா வந்தார்.

“அண்ணே, நாற்காலிய எல்லாம் எங்க வீட்டுல அடுக்குங்க.”

“உங்க வீட்டுலயா? தண்ணி வருமே தாயி.”

“இனிமே வராதுல்ல” என்றார் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போய் முதல் பெட்டியைப் பிரித்தார்.

அதற்குப் பிறகு தெருவில் யார் சும்மா இருக்க முடியும்? என் வீட்டு மாடிப்படிக்கடியில் ஜமுக்காளமும் வடைச்சட்டியும் குடியேறின. பக்கத்து வீட்டில் அண்டாக்கள். இட்லிக் கொப்பரை ஒரு வாத்தியார் வீட்டு மொட்டைமாடிக்குப் போனது. ஏதாவது விசேஷம் என்றால் மெம்பரின் வேன் தெருவில் வீடுவீடாக நின்று பொருள் ஏற்றிக்கொண்டு போகும். வாசல் சரிவுகளையும் நாங்களே கொத்தி எடுத்தோம். யார் வீட்டு முன்னாலும் அவர் நாற்காலி போட வேண்டியிருக்கவில்லை. தன் சுவரையே இடித்தவரிடம் ஒரு முழச் சிமெண்டுக்கு யார் வாதாடுவது?

அடுத்த மழையில் தண்ணீர் தெருவில் நேராக ஓடி, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, கண்மாய்ப் பக்கம் திரும்பியது. மெம்பர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். “போகுது சார்” என்றார். சரோஜா அக்கா வீட்டில் நாற்காலிகள் தரையில் அடுக்கியபடியே இருந்தன.

அதற்கடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மெம்பரின் மனைவி நின்று ஜெயித்தார். அப்புறமும் இவர் விடவில்லை. குறை இருந்தால் வாசலில் நாற்காலி போட்டுவிடுவார். “மத்தவங்கெல்லாம் சொல்லி முடிக்கட்டும், பொறுங்க” என்று அந்த அம்மாவும் உட்கார வைத்துவிடுவார். மகள் கல்யாணம் அந்தத் தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. எந்தப் பாத்திரத்துக்கும் வேன் தேவைப்படவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் சேர் மெம்பர் போய்விட்டார். மாரடைப்பு. துக்க வீட்டுக்கு நாற்காலி வேண்டும் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்தபோது சரோஜா அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். நானும் ஓடிப்போய் மிச்சத்தை எடுத்தேன். சிவப்பு எழுத்துப் போட்ட அத்தனை நாற்காலிகளும் மெம்பர் வீட்டு வாசலில் விரிந்தன.

மாலையும் கையுமாக வந்து, நின்றபடி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் டவுன்காரர்களின் வழக்கம். அன்று எங்கள் தெருவில் ஒருவரும் நிற்கவில்லை, உட்கார்ந்தோம்.