அறுபதுக்கும் ஒரே ஆப்பு

"பாபிலோன்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வந்தா, கதவைச் சாத்திடுவேன்" என்று ஹம்சா போனில் சொல்லியிருந்தாள். அதனால் மாம்பலத்தில் ரயில் ஏறியதிலிருந்து வேதாந்தம் வாயையே திறக்கவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மனைவி ஹம்சாவோ ஆதம்பாக்கத்தில், தன் அக்கா வீட்டில். அவர் தினமும் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்து, இரண்டையும் தானே குடித்துக்கொண்டிருந்தார்.

தப்பு அவருடையதுதான். கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று ஹம்சா கேட்டபோது, அவர் பழங்காலக் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "பாபிலோன்ல ஒண்ணுக்கும் அறுபதுக்கும் ஒரே குறிதான், ஆப்பு மாதிரி. பூஜ்யம் கிடையாது. எது எதுன்னு நாமளே புரிஞ்சுக்கணும்."

ஹம்சா புரிந்துகொண்டு பெட்டியைக் கட்டினாள்.

ஆதம்பாக்கத்தில் அக்கா அபயாம்பாள்தான் கதவைத் திறந்தாள். பின்னாலேயே ஹம்சா வந்து அவர் நீட்டிய மல்லிகைப்பூவை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கூடத்தில் அபயாம்பாளின் கணவர் சுவாமிநாதன் பேப்பருக்குள் இருந்தார்.

"சாப்பிட்டேளா?" என்றாள் ஹம்சா.

நீ இல்லாமல் என்ன சாப்பாடு என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அபயாம்பாள் அவர் கொண்டுவந்த மைசூர்பாகைப் பிரித்தாள். ரயில் கூட்டத்தில் நசுங்கியது போக மூன்று துண்டு மிச்சம்.

"நாலு பேருக்கு எப்படிப் போடறது?"

"ஆளுக்கு முதல்ல அரை, அப்புறம் கால். எகிப்துல ரொட்டியை அப்படித்தான் பங்கு போட்டா."

ஹம்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"எகிப்துதானே சொன்னேன்? பாபிலோன் இல்லையே" என்றார் அவசரமாக.

அறைக்கதவு சாத்திக்கொண்டது.

வேதாந்தம் கதவருகே போய் நின்றார். "ஹம்சா, அன்னிக்குப் புடவை ரொம்ப நன்னா இருந்தது."

"என்ன கலர்?"

நீண்ட யோசனைக்குப் பிறகு, "பச்சை" என்றார்.

"அரக்கு." உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

அவர் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். "இனிமே அந்தப் புத்தகத்தையே தொடலை. நீ பேசக்கூட வேண்டாம். ஆத்துல வந்து இருந்தாப் போறும்."

இவ்வளவு நேரமும் பேப்பரை விட்டு வெளியே வராத சுவாமிநாதன், எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டுக் கிசுகிசுத்தார்:

"அந்தப் புத்தகத்தை மட்டும் விட்டுடாதேள். ஹம்சா வந்த நாளா எங்களை உட்கார வச்சு பாபிலோன் கணக்குதான் சொல்லிண்டிருக்கா, 'அவர் சொன்னா இன்னும் நன்னா இருக்கும்'னு நடுநடுவுல அழுகை வேற."