திறப்பு விழாவுக்கு நாற்பது நாள் ஒத்திகை

சாமரபுரி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அந்நாட்டின் வரைபடங்கள் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. அவை எப்படி நனைந்தன என்பதுதான் இந்தக் கதை.

அந்நாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நீண்ட மேசை இருந்தது. மாணவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சத்தம் போட்டு விவாதிப்பார்கள். நூலகர் ஆதனார் அவர்களை அதட்டி அடக்குகிறவர் இல்லை. ஓர் ஆவணத்தை எப்படித் தேடுவது, பழைய நில வரைபடத்தை எப்படிப் படிப்பது, சபையில் நாலு பேர் முறைக்கும்போது குரல் நடுங்காமல் எப்படிப் பேசுவது என்றெல்லாம் அந்த மேசையிலேயே பழக்கிவிடுவார்.

செய்தி மன்னர் காதுக்குப் போனது. போகாமலே இருந்திருக்கலாம். மன்னர் மகிழ்ந்துபோய் அந்த மேசைக்கு ஒரு மண்டபம் கட்டச் சொன்னார். ‘மாணவர் திறன் வளர் மண்டபம்’ மூன்றே மாதத்தில் எழுந்தது. மேசை, புத்தகங்கள், வரைபடங்கள் எல்லாம் அங்கே போயின. பழைய நூலக அறையை இடித்தார்கள். புது மண்டபத்தின் வாசலில் பட்டு நாடா கட்டி, கதவைப் பூட்டினார்கள். மன்னர் வந்து நாடாவை வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

மன்னரின் தேதி கிடைக்கவில்லை. முதல் மாதம் வேட்டை. அடுத்த மாதம் மண்டலத் தேர்தல். தேர்தல் நேரத்தில் நாடா வெட்டக்கூடாது என்று சட்டம். அதற்கடுத்த மாதம் முழுக்க வெற்றி விழா. “மன்னரின் திருக்கண் படுமுன் மண்டபத்துப் பொருள்மீது எவர் கண்ணும் படலாகாது” என்று திறன் வளர்ச்சி அமைச்சர் பெருஞ்சாத்தர் ஆணை பிறப்பித்தார்.

அந்த நேரத்தில் இன்னோர் அறிவிப்பு வந்தது. விழாவுக்கு வரும் முந்நூறு தேர்களை நிறுத்த இடம் தேவை. மண்டபத்தை ஒட்டி இருக்கும் கெண்டையூர் ஏரி, ஏரி அல்ல, மேடு என்று அதிகாரிகள் கண்டறிந்திருக்கிறார்கள். மறுப்பவர்கள் நாற்பது நாளுக்குள் ஆதாரம் திரட்டி, நாற்பதாம் நாள் நிலச்சபையில் பேசலாம்.

வேண்மாள் கெண்டையூர்ப் பெண். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி. அவள் அப்பா அந்த ஏரியில் படகு விட்டுத்தான் அவளைப் படிக்க வைத்தார். ஏரி ஏரிதான் என்று சொல்லும் வரைபடம் மண்டபத்துக்குள் இருந்தது. அவள் அமைச்சரிடமே போய்விட்டாள்.

“ஒரே ஒரு வரைபடம் போதுங்கய்யா. பாத்துட்டு அங்கேயே வச்சிடறேன்.”

“பெண்ணே, திறன்களில் தலையாயது பொறுமை” என்றார் பெருஞ்சாத்தர். “அதை மண்டபம் திறப்பதற்கு முன்பே உங்களுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கே நீ நன்றி சொல்ல வேண்டும்.”

அமைச்சருக்கு வேறு கவலை. மன்னர் நுழையும்போது உள்ளே மாணவர்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டுமே! ஆகவே நூறு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தினமும் காலையில் பின்வாசல் வழியாக அழைத்துப்போய் ஒத்திகை நடத்தினார்கள். புத்தகம் கசங்கக்கூடாது என்பதால் ஆளுக்கொரு மரப்பலகை கொடுத்தார்கள். நாதஸ்வரத்துக்கு இடைஞ்சல் கூடாது என்பதால், விவாதிப்பவர்கள் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். நூறு பேரில் வேண்மாளும் ஒருத்தி.

ஒன்பதாம் நாள் அவள் முன்னால் பலகை இல்லை. கெண்டையூர் வரைபடம் விரிந்து கிடந்தது. ஆதனார் தூரத்தில் அலமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றார், திரும்பியே பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சட்ட மாணவன் வழுதி, சபையில் என்னென்ன கேட்பார்கள் என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தான். வேண்மாள் அதே மாதிரி பதில் சொன்னாள். கரை எது, மதகு எது, மழைத்தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆனது. அந்த மண்டபத்தில் உண்மையாகப் படிப்பு நடந்த நாட்கள் அவை மட்டும்தான்.

முப்பத்தைந்தாம் நாள் ஒத்திகை அதிகாரி கண்டுபிடித்துவிட்டார்.

“உன் கண் நகர்கிறதே. படிக்கிறாயா?”

“ஆமாங்கய்யா.”

“படிப்பதுபோல் உட்காரச் சொன்னால் படிக்கவே செய்கிறாயா! இது எல்லோருக்கும் பரவினால் விழா என்ன ஆவது?”

வேண்மாளை நீக்கினார்கள். ஆதனாரை யானைக் கொட்டாரத்துக்கு மாற்றினார்கள்.

நாற்பதாம் நாள் அவள் நிலச்சபையில் பேசினாள். குரல் நடுங்கவே இல்லை. சபைத் தலைவர் கடைசி வரை கேட்டார்.

“நன்றாகப் பேசினாய். இதையெல்லாம் எங்கே கற்றாய்?”

“திறன் வளர் மண்டபத்துலங்க.”

தலைவர் சுவடியைப் புரட்டினார். “அந்த மண்டபம் இன்னும் திறக்கப்படவில்லை. திறக்கப்படாத மண்டபத்தில் எவரும் எதையும் கற்றிருக்க முடியாது. எவர் கண்ணும் படாத வரைபடத்தை நீ பார்த்திருக்கவும் முடியாது. ஆகவே நீ எதுவும் பேசவில்லை என்று பதிவு செய்கிறோம்.”

வேண்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதுகிற எனக்கும் வருகிறது. ஒரே வாரத்தில் ஏரியை மண் போட்டு மூடிவிட்டார்கள்.

ஒருவழியாக ஐப்பசியில் மன்னரின் தேதி கிடைத்தது. கூடவே மழையும் வந்தது. ஏரிக்குப் போகிற தண்ணீர் போக இடமில்லாமல் தேர் நிறுத்துமிடத்திலேயே நின்றது. முந்நூறு தேர்களும் அச்சுவரை முழுகின. நடுத் தேரில் மன்னர் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டபம் கூப்பிடு தூரம்தான், ஆனால் நடக்க முடியாது. கெண்டையூரில் மிச்சமிருந்த ஒரே படகைப் பிடித்துவந்தார்கள். அப்பா வெளியூரில் மண் சுமக்கப் போயிருந்ததால் துடுப்போடு வேண்மாள் வந்தாள்.

“மன்னர் எது கேட்டாலும் மண்டபத்தில் கற்றேன் என்று சொல்” என்று பெருஞ்சாத்தர் அவள் காதில் கிசுகிசுத்துவிட்டு மன்னரோடு ஏறிக்கொண்டார்.

மன்னர் அவள் துடுப்புப் போடும் அழகை ரசித்தார். “இதை எங்கே கற்றாய், பெண்ணே?”

“ஏரியிலங்க.”

“எந்த ஏரி?”

“இப்ப நீங்க போய்க்கிட்டிருக்கீங்களே, இதுதாங்க.”

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் குடையைப் பார்த்தார். படகு வாசலை அடைந்ததும் மன்னர் உட்கார்ந்தபடியே நாடாவை வெட்டினார். கதவு திறந்தது. உள்ளே இடுப்பளவுத் தண்ணீரில் மாணவர்கள் மரப்பலகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒத்திகையில் சொன்னபடி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடங்கள் அவர்களைச் சுற்றி மிதந்தன.

மறுநாள் அரசு அறிக்கை வெளியானது. திறந்த முதல் நாளிலேயே திறன் வளர் மண்டபம் ஒரு மாணவிக்குப் படகோட்டும் திறனை அளித்திருக்கிறது. இந்த மகத்தான வெற்றியைத் தொடர்ந்து மேலும் பதினோரு ஊர்களில் இதே போன்ற மண்டபங்கள் கட்டப்படும். அதற்கான இடங்களின் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. பதினோரு இடங்களும் மேடு என்று அதிகாரிகள் சான்றளித்திருந்தார்கள்.