கால்சுத்து அண்ணையும் இரண்டு பஞ்சாங்கங்களும்

உலகத்தில் எந்தத் திருகாணியையும் ஒரே தடவையில் கால்சுற்றுக்கு மேல் திருப்பாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பண்டத்தரிப்பில், எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும். ஊருக்கு அவர் கால்சுத்து அண்ணை.

காஸ் அடுப்பா, கால்சுற்று. மின்விசிறியா, கால்சுற்று. ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், குழாயைக் கால்சுற்றுத் திறந்து, சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரில் கைகழுவி வருவதற்குள் குழம்பு ஆடை கட்டிவிட்டது.

"எடுத்தவுடனை முழுக்கத் திறந்தால் சாமான் என்னத்துக்கு ஆகும், தம்பி?"

வெங்காயம் நன்றாக விளைந்த ஒரு வருடம் பழைய யப்பான் டர்போ கார் ஒன்றை வாங்கினார். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாமான். காற்று மிஞ்சாமல் பார்க்க அதில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு திறப்பதைத் தாமதப்படுத்தி, காருக்கு இன்னும் கொஞ்சம் காற்றூட்ட, பித்தளைத் திருகாணி ஒன்றை வரவழைத்து, கதவுக்குப் போகும் சின்னக் குழாயின் நடுவில் பொருத்தினார். பூஸ்ட் கொன்ட்ரோலராம். எனக்கு அது சைக்கிள் வால்வு மாதிரி இருந்தது. சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஒரு கால்சுற்று, பிறகு வட்டுக்கோட்டை வரை ஓட்டம், பிறகு எஞ்சின் மூடியான பொனற்றில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல ஒரு சோதனை. காற்றழுத்தத்தைக் காட்டும் ஊசியை உரத்து வாசிப்பது என் உத்தியோகம். முதல் நாள் முழுக்க நான் பெற்றோல் ஊசியைத்தான் வாசித்தேன்.

"குறையுது அண்ணை, குறையுது!"

"படிச்ச படிப்பெல்லாம் எங்கையடா போட்டது?" என்றார்.

இப்படியிருக்க, என் அக்காவின் மகனுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளையை நல்லூர் மண்டபத்துக்கு ஏற்றிப்போகும் கௌரவம் அண்ணையின் காருக்கு. "அஞ்சு பேர் ஏறுறியள். விடிய நல்ல நேரத்திலை ஒரு கால்சுத்துக் கூட்டிவிடுறன்" என்றார். நல்ல நேரம் பார்க்காமல் அவர் திருகாணியைத் தொடுவதில்லை.

அவர் போனதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உந்த அண்ணை வாக்கிய பஞ்சாங்கக்காரர். எங்கடை கலியாணம் திருக்கணித பஞ்சாங்கத்திலை வைச்சது, அவரின்ரை நேரம் எங்களுக்குச் சரிவராது. விடிய ஏழேகாலுக்கு நீ போய் ஒருக்கால் திருப்பிவிடு."

"என்னத்தை, அக்கா?"

"அவர் திருப்பிறதை!"

அண்ணை ஆறு மணிக்குத் தன் பஞ்சாங்கப்படி திருப்பிவிட்டுக் குளிக்கப் போனார். ஏழேகாலுக்கு நான் எங்கள் பஞ்சாங்கப்படி இன்னொரு கால்சுற்றுத் திருப்பினேன். சாத்திரப்படி இருவரிலும் பிழையில்லை.

மானிப்பாய் தாண்டி ஓர் உழவு இயந்திரத்தை முந்த அண்ணை மிதித்தார். கார் பாய்ந்தது. ஊசி சிவப்பைத் தாண்டி ஓடியது. 'டப்' என்றொரு சத்தம், பின்னால் கரும்புகை, கார் வயலோரம் நின்றது. எஞ்சினுக்குப் போகும் பெரிய காற்றுக்குழாய் கழன்று, அதை இறுக்கியிருந்த கிளிப் எங்கோ பறந்துவிட்டது.

"மாமா, முகூர்த்தத்துக்கு இன்னும் நாப்பது நிமிசம்தான் கிடக்கு!" தலைப்பாகையோடு மருமகன் இறங்கி நின்றான். அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

அண்ணை பொனற்றுக்குள் குனிந்தார். தான் திருப்பி நிறுத்தும் இடத்தைத் திருகாணியில் வெள்ளைக் கோடு போட்டுக் குறிப்பது அவர் வழக்கம். கோடு ஒரு கால்சுற்றுத் தள்ளி நின்றது.

"உந்தத் திருகாணியை ஆர் தொட்டது?"

நான் வயலில் வெங்காயம் எப்படி இருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை என் முதுகைக் கொஞ்சநேரம் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "தம்பி, உன்ரை வேட்டி பெல்ற்றைக் கழட்டு" என்றார்.

பெல்ற்றால் பெரிய குழாயை இறுக்கிக் கட்டினார். ஆசையாகப் பூட்டிய திருகாணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சின்னக் குழாயை முன்போல நேரே பொருத்தினார். கார் இருமிக்கொண்டே போய், முகூர்த்தத்துக்கு எட்டு நிமிடம் இருக்க மண்டப வாசலில் நின்றது.

அக்கா ஓடிவந்தாள். "ஆரின்ரை வேலை இது? ஏன் இவ்வளவு நேரம்?"

ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணை முன்னால் வந்தார்.

"என்ரை பிழைதான், தங்கச்சி. அவசரத்திலை அரைச்சுத்துத் திருப்பிப்போட்டன்."

நின்ற சனம் முழுவதும் சிரித்தது. "அரைச்சுத்து அண்ணை!" என்று எவனோ கத்தினான். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு வாழ்நாள் பொறுமையில் சம்பாதித்த பெயர் ஒரு காலைப்பொழுதில் போயிற்று. அவர் யாரையும் திருத்தவில்லை.

அக்காவிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதும் துணிவுகூட, அவள் இந்தப் பத்திரிகை வாசிப்பதில்லை என்பதால்தான். ஆனால் அண்ணையை அந்தப் புதுப்பெயரால் கூப்பிடுகிறவர் எவராயிருந்தாலும், அவரோடு நான் கதைப்பதில்லை.