விற்பனைக்கு வைத்த மெத்தையில் நான் தூங்கியது பற்றி

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த மெத்தைக் கடை வேலையில், விற்பனைக்கு வைத்த மெத்தையிலேயே நான் நான்கைந்து நாள் மத்தியானம் குறட்டை விட்டதும், "இன்னொரு தடவை தூங்கினா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று முதலாளி உங்களுக்குப் போன் செய்து கத்தியதும் உண்மைதான். ஆனால் குற்றவாளி நானல்ல, என் கைப்பேசி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்றுதான் எடுப்பேன். அதில் ஒரு வீடியோவில் ஒருவர் அழுக்குக் கம்பளம் துவைக்கிறார். யார் வீட்டுக் கம்பளமோ, நமக்கென்ன என்று விட மனம் வரவில்லை அத்தான். நுரை போட்டு, தேய்த்து, அலசி, அடியிலிருக்கும் பூ டிசைன் தெரிகிற வரைக்கும் காத்திருந்தால், உடனே அடுத்த கம்பளம் வந்துவிடுகிறது. சாப்பாட்டுத் தட்டோடு இரண்டு கம்பளம், படுக்கையில் ஆறு. அப்புறம் எங்கே தூக்கம்? தூக்கம் வர என்ன செய்வது என்று அதே போனில் தேடி, அதையும் ஒரு மணி நேரம் பார்த்தேன். மறுநாள் கடைக்கு வந்தவரிடம், "கை வச்சு அமுக்கிப் பாருங்க சார், எவ்வளவு மெத்துன்னு இருக்கு" என்று நானே அமுக்கிக் காட்டினேன். கை போன வழியே தலையும் போய்விட்டது.

டாக்டரிடம் போனேன். "படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போனை எடுத்து வச்சிடுங்க. அந்த வெளிச்சமும் பரபரப்பும்தான் தூக்கத்தைக் கெடுக்குது" என்றார். வம்பே வேண்டாம் என்று அன்றே போனை பீரோவில் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். இனி தொடுவதில்லை என்று உங்கள் மேல் சத்தியமும் செய்திருக்கிறேன். முதல் நான்கு நாள் கை சும்மா இருக்க மாட்டாமல் தலையணை உறைகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். ஐந்தாம் நாள் படுத்ததுதான் தெரியும். இப்போதெல்லாம் கடையில் தெளிவாக நின்று, ஸ்பிரிங் எத்தனை, பஞ்சு எந்த ரகம் என்று வருகிறவர்களுக்கு மூச்சு விடாமல் விளக்குகிறேன். மூன்று வாரமாக ஒரு மெத்தைகூட விற்கவில்லை, அது வேறு விஷயம். நான் திருந்திவிட்டேன் என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த வேலையும் போய்விட்டால் என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்? பயமாக இருக்கிறது அத்தான்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முழுத் தூக்கம் தூங்கி எழுந்த மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஒரு தம்பதி வந்து, "போன மாசம் இங்க ஒருத்தர் அசந்து தூங்கிட்டிருந்தாரே, அந்த மெத்தைதான் வேணும்" என்றார்களாம். கணக்குப் பார்த்தால், நான் தூங்கிய நாட்களில்தான் மெத்தைகள் பறந்திருக்கின்றன. "நாளையிலேருந்து வாசல் கண்ணாடி பக்கத்துல படுத்துத் தூங்கு, அதான் உன் வேலை" என்கிறார். பகலில் எனக்குத் தூக்கம் வந்தால்தானே! ராத்திரி மறுபடி கம்பளம் பார்த்து விழித்தால்தான் உண்டு என்று பீரோ சாவி வாங்க வீட்டுக்கு ஓடினால், பட்டப்பகலில் மனைவி சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். கையில் சாவி, மடியில் என் போன், அதில் பாதி துவைத்த கம்பளம். தினமும் நான் தூங்கியதும் அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். விஷயம் கேட்ட முதலாளி அவளையும் அழைத்து வரச் சொல்கிறார், இரட்டைக் கட்டில் மெத்தைக்கு ஒரு ஜோடி வேண்டுமாம். ஆகையால் அத்தான், உங்கள் மேல் நான் செய்த சத்தியத்தை மறுதபாலில் திருப்பி அனுப்பிவிடவும்.