மனசில் இல்லை, நரம்பில்

ஆவடி,
18.7.1995

அன்புள்ள மைத்துனன் நாகேந்திரனுக்கு, மாமா பரந்தாமன் எழுதியது. இங்கே என் வலது கண்ணைத் தவிர எல்லோரும் சௌக்கியம். சென்னீர்குப்பத்தில் உன் வாயைத் தவிர மற்றவர்கள் சௌக்கியமா?

கண்புரை ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அந்தக் கண்ணில் யாரோ மிளகாய்த்தூளைக் கொட்டி ஊதுவதுபோல் இருந்ததும், ஃபேன் காற்றுக்கே நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்ததும் உனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் சுத்தமாக இருக்கிறது, வலிக்க நியாயமே இல்லை என்றார். நியாயம் இல்லாமலே வலித்தது. அப்புறம் உன் பேத்தி காதுகுத்துக்கு வந்தேனே, அங்கே ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே என் கண்ணில் தண்ணீர் கொட்ட, குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்க, பந்தியில் அத்தனை பேர் எதிரில் நீ சொன்னாய்: "மாமா கண்ணுல ஒண்ணியும் இல்ல. ரிடயராயி ஊட்ல சும்மா குந்திகினு கீறாரு, அதான் மனசு நோவுது." சாம்பார் வாளியோடு நின்றவன்கூடத் தலையாட்டினான். அதன்பிறகு எங்கள் தெருவில் யாரும் என் கண்ணை விசாரிப்பதில்லை. மனசு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

அதோடு விட்டாயா? புதுக் கண் டாக்டர் என்று சொல்லி முகப்பேருக்குக் கூட்டிப்போனாய். வெயிலில் கண் கூசி வாசல் போர்டை நான் படிக்கவில்லை. உள்ளே அவர் என் தூக்கத்தையும் செத்துப்போன என் அப்பாவையும் பற்றி விசாரித்த பிறகுதான் மனநல டாக்டர் என்று புரிந்தது. நீ வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தாய். ஆனால் நான் சொன்னதை முழுசாகக் கேட்ட ஒரே மனுஷர் அவர்தான். "உங்க மனசு நல்லாத்தான் இருக்கு. புண்ணு ஆறிடுச்சு, நரம்புக்கு அது தெரியல. இன்னும் கத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்லி, அடுத்த தெருவில் ராணி என்ற பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார்.

ராணியம்மா புருவத்துக்கு மேலேயும் நெற்றிப்பொட்டிலும் பட்டை ஒட்டி, ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, மெல்லிய கரண்ட் விட்டார். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கொஞ்சம் கூட்டியதும் கண் தானாக அடித்துக்கொண்டது. எதிரே முழங்கால் வலிக்கு வந்திருந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவமானத்தைப் பார்க்காமல் வாராவாரம் போனேன். நரம்பின் கத்தல் முனகலாகக் குறைந்தது. போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். காற்று முகத்தில் அடித்தது, நான் கண்ணை மூடவில்லை. வீட்டுக்கு வந்து உன் அக்கா பார்வதத்திடம் சொன்னால், "அப்ப நெஜமாவே வலிச்சுதா?" என்கிறாள். இத்தனை நாள் என் பக்கத்தில் படுத்தவள். அன்று நான் சாப்பிடவில்லை.

அவளுக்கு அந்தச் சந்தேகத்தை ஊட்டியவன் நீ. ஆகையால் இனி தீபாவளிக்கும் வராதே, பொங்கலுக்கும் வராதே, நான் போனால் மாலையும் கொண்டுவராதே. உன் பேரப் பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். உனக்கு ஆசீர்வாதம் இல்லை.

இப்படிக்கு,
பரந்தாமன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா சொன்னாள். போன மாதம் உனக்கும் கண்புரை எடுத்தார்களாம், கண்ணில் ஊசி குத்துகிறது என்று நீ சொன்னால் உன் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பி வா, ராணியம்மாவிடம் நானே கூட்டிப்போகிறேன். மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. உனக்கு வலிக்கிறது என்று நான் நம்புகிறேன்.