தள்ளலாம், இழுக்கக் கூடாது

முதலாளி பின்னால் நிற்கிறார் என்பது வேதசிரோமணிக்கு அத்தர் வாசனையை வைத்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது காரியம் கைமீறியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு குட்டி ஆள், கோணல்மாணலாகச் சில சுவர்கள், ஐந்து பெட்டிகள். ஐந்தாவது பெட்டியை அதற்குரிய புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பதினேழாவது லெவல் முடிந்துவிடும்.

"இது என்ன வேதம்?" என்றார் ஹிதாயத்துல்லா.

கீழ்க்கட்டளையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மொத்த வியாபாரம் அவருக்கு. முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் கோடவுன். நல்ல மனிதர்தான். ஆனால் போன மாதம் பில் போடும் ஷாகுல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடி மாட்டிக்கொண்டபோது, அவன் டிபன் டப்பாவைத் திறக்கும் முன்பே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இத்தனைக்கும் ஷாகுல் அவருடைய சொந்தத் தங்கை மகன். தங்கை மகனுக்கே இந்தக் கதி என்றால், கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினமும் வண்டியில் வந்துபோகிற நாற்பத்தாறு வயது ஸ்டாக் கிளார்க்குக்கு என்ன கதி?

"கோடவுன் சார்" என்றார் வேதசிரோமணி. யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நம்ம கோடவுனா?"

"பொதுவா சார். எந்தப் பெட்டியை எந்த வழியா எங்க கொண்டு போய் வைக்கணும்னு பிளான் பண்ற புரோகிராம். நானே நம்ம ஆபீஸுக்காகத் தேடிப் பிடிச்சேன்."

ஹிதாயத்துல்லா குனிந்து திரையை வெகுநேரம் பார்த்தார். "இடது பக்கம் இருக்கிறதை முதல்ல தள்ளியிருக்கணும்" என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார்.

வேதசிரோமணிக்கு உயிர் திரும்பி வந்தது. அது உண்மையில் ஒரு பழைய விளையாட்டு என்று அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது என்று நினைத்து, கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

எண்பத்தெட்டில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் படித்தவர் அவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, குளிரூட்டிய அறைக்குள் பயபக்தியோடு போக வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மாஸ்டர் டீ குடிக்கப் போனதும் பையன்கள் அகல பிளாப்பியைச் சொருகிப் பெட்டி தள்ளுவார்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்கக் கூடாது. மூலைக்குப் போன பெட்டி போனதுதான். விளையாட்டு அவ்வளவே, ஆனால் பிடித்த பைத்தியம் விடவில்லை. வாழ்க்கையில் வேறெதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்காத வேதசிரோமணி, அந்த மாடியில் மட்டும் ராஜா.

பதினேழு வருடம் கழித்து, பிரௌசிங் சென்டரில் மகள் சுஜியின் பிளஸ் டூ மாதிரி வினாத்தாள் தேடப் போனபோது அந்த விளையாட்டு கண்ணில் பட்டது. எங்கோ ஒரு புண்ணியவான் பழைய விளையாட்டுகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்தான். கூடவே எமுலேட்டர் என்று ஒன்று. புதுக் கம்ப்யூட்டரை 'நீ பழைய கம்ப்யூட்டர்தான்' என்று நம்பவைக்கிற புரோகிராம். வினாத்தாளை மறந்துவிட்டு இதை பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் வயதை மறந்தது, இவரும்தான்.

பொய் சொன்ன மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். "வேதம், அந்தப் புரோகிராம் சொல்ற மாதிரியே இன்னைக்குக் கோடவுனை அடுக்கிப் பார்."

"இன்னைக்கேவா சார்?"

"ஏன், வேலை செய்யாதா?"

"செய்யும் சார்!"

அதுதான் இரண்டாவது பொய்.

லோடுமேன்களுக்கு மேஸ்திரி ஜெயக்கொடி. இருபது வருடமாக மூட்டை, பெட்டி, பீரோ என்று தூக்காத பொருள் இல்லை. கம்ப்யூட்டர் பிளான்படி பெட்டியைத் தள்ள மட்டும்தான் வேண்டும், இழுக்கவோ தூக்கவோ கூடாது என்று வேதசிரோமணி விளக்கியதும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

"இன்னா சார் இது? தள்ளலாம், இஸ்க்கக் கூடாதா? ஃபிரிட்ஜுக்கு நேத்திக்கடன் எதுனா கீதா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது ஜெயக்கொடி."

"கம்ப்யூட்டரு தூக்குமா சார்? அதுக்கு இன்னா தெரியும்?"

பதினொரு மணிக்குள் நான்கு ஃபிரிட்ஜ்கள் நான்கு மூலைக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றின் முன்னால் வாஷிங் மெஷின்கள். அவற்றின் முன்னால் இன்னும் சில. கையில் பேப்பரோடு நடுவில் நின்று 'மேலே, இடது, இடது' என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்த வேதசிரோமணியைச் சுற்றிப் பெட்டிகள் வந்துவிட்டன. வெளியே வர வழியில்லை. இழுக்கக் கூடாது என்று சொன்னவரும் அவரே என்பதால் வாய் திறக்கவும் வழியில்லை.

டீ கொண்டுவந்த எல்லம்மா எட்டிப் பார்த்து, பெட்டிக்கு மேலாகக் கிளாஸை நீட்டினாள். "சாரு, உள்ளயே குந்திகினு குடி. எப்ப வர்றியோ வா."

அந்த நேரம் பார்த்து அத்தர் வாசனை வந்தது. வேதசிரோமணி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் முதலாளி திட்டவில்லை. மூலையில் இருந்த ஃபிரிட்ஜைக் கவலையோடு பார்த்தார்.

"மூலைக்குப் போயிட்டா அப்புறம் எடுக்கவே முடியாதுல்ல?"

"முடியாது சார்."

"அதான் நானும் நினைச்சேன்" என்று பெருமூச்சு விட்டார்.

முதலாளி போனதும் ஜெயக்கொடி ஃபிரிட்ஜை அலாக்காகத் தூக்கி வழிவிட்டார்.

பொய்யை இத்தோடு புதைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்த வேதசிரோமணி மறுநாள் முதலாளி அறைக்குப் போனார். "சார், அந்தப் புரோகிராம் நம்ம கோடவுனுக்குச் சரிப்படல. அழிச்சிடறேன்."

"அழிக்காதே!"

ஹிதாயத்துல்லா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு கிராஃப் தாளை எடுத்தார். அதில் அழகாகக் கோடு போட்டு, சுவர்களைக் கறுப்பாகத் தீட்டி, எட்டுப் பெட்டிகளும் எட்டுப் புள்ளிகளும் வரைந்திருந்தது.

"பள்ளிக்கரணையில புதுசா ஒரு கோடவுன் எடுத்திருக்கேன். இதான் பிளான். இந்த எட்டையும் இந்த எட்டு இடத்துல கொண்டு போய் வைக்கணும். திங்கக்கிழமைக்குள்ள வழி எழுதிக் கொடு."

வேதசிரோமணி தாளைப் பார்த்தார். அறைக்குள் அறை, சந்துக்குள் சந்து, நடுவில் காரணமே இல்லாமல் ஒரு தூண்.

"யார் சார் இப்படிக் கட்டினது?"

"பழைய ஓனர் வாஸ்து பார்த்துக் கட்டினது."

"நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடட்டுமா சார்?"

"வேண்டாம் வேண்டாம். அங்க முழங்கால் அளவு தண்ணி நிக்குது. நீ பேப்பர்லயே பாரு."

விளையாட்டில் இல்லாத கட்டிடத்தை விளையாட்டில் போட்டுப் பார்க்க முடியாது. எனவே சனிக்கிழமை மதியம் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேஜையே பள்ளிக்கரணை ஆனது. சாக்பீஸால் சுவர், தீப்பெட்டிகள் எல்லாம் ஃபிரிட்ஜ், உப்பு ஜாடி லோடுமேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி மெட்டில்டா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது?"

"ஆபீஸ் வேலை. முதலாளி என்னைத்தான் நம்பியிருக்கார்."

இருபது வருடத்தில் கணவர் வாயால் இப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாப்பாட்டை எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. ஆலயத்து பெஞ்சுகளையும் கம்ப்யூட்டரில் பிளான் போட்டு மாற்றிக்கொடுக்க முடியுமா என்று போதகரே கேட்டார்.

"முதல்ல பள்ளிக்கரணை முடியட்டும் ஐயா" என்றார் வேதசிரோமணி, கொஞ்சம் மிதப்பாக.

முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தள்ளல். திங்கட்கிழமை அதைப் பார்த்த முதலாளியின் விரல் வரிவரியாக ஓடி ஓரிடத்தில் நின்றது. "சே! மேலே போயிட்டுத் திரும்பி வரணுமா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, "நான் பள்ளிக்கரணைக்குப் போறேன்" என்று அப்போதே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாலை மூன்று மணிக்குப் புது மாப்பிள்ளை போல முகம் பளபளக்கத் திரும்பினார்.

"மாஷா அல்லாஹ்! எட்டும் போய் உக்காந்துடுச்சு வேதம்!"

அன்றே வேதசிரோமணி 'கோடவுன் பிளானிங் மேனேஜர்' ஆனார். மறுநாள் கூடுவாஞ்சேரிக் கோடவுன் பிளான் வந்தது, பத்துப் பெட்டி. அதை முடித்துக் கொடுத்ததும் குன்றத்தூர், பன்னிரண்டு பெட்டி. "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், ரொம்ப அவசரம்" என்றார் முதலாளி.

அப்போதுதான் ஜெயக்கொடி வாயைத் திறந்தார்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? பள்ளிக்கரணையில யாரு சார் லோடுமேனு? எங்க ஆளுங்க யாரும் போவல."

"தெரியல ஜெயக்கொடி. அந்த ஊர் ஆளுங்களா இருக்கும்."

"பாவம் சார். முழங்கால் தண்ணில நின்னுகினு எரநூத்திப் பன்னெண்டு வாட்டி தள்ளியிருப்பானுங்க. இஸ்தா ரெண்டு நிமிசத்துல முடியற வேல. உன் பேப்பரால எத்தினி பேருக்கு இடுப்பு போச்சோ. வயித்துப் பொழப்பு சார், இன்னா பண்ணுவானுங்க?"

சொல்லிவிட்டு ஜெயக்கொடி பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத அந்த ஆட்கள் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். சேற்றில் கால் புதைய, ஃபிரிட்ஜை மேலே, இடது, இடது என்று தள்ளுகிறார்கள். கை எட்டும் தூரத்தில் இருப்பதை இழுக்கலாம், ஆனால் பேப்பரில் இழுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. போட்டவன் யார்? விளையாட்டுப் புத்தியில் ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யால் மேனேஜரும் ஆகிவிட்ட வேதசிரோமணி. அவருக்குத் தன்னை நினைத்தாலே வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் குன்றத்தூரின் பன்னிரண்டு தீப்பெட்டிகள் அப்படியே கிடந்தன. அவற்றைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமை மாலை மெட்டில்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"உண்மையைச் சொன்னா வேலை போயிடுமா?"

"ஷாகுலுக்குப் போச்சே."

"சுஜி படிப்பு இருக்குங்க."

"தெரியும். ஆனா அந்த ஆளுங்க வீட்டுலயும் ஒரு சுஜி இருப்பா."

மெட்டில்டா எழுந்து போய்ப் பேனாவும் வெள்ளைத் தாளும் கொண்டுவந்து வைத்தாள். ராஜினாமாக் கடிதத்தில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளையும் அவளே திருத்திக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு முதலாளி ஆபீஸ் வருவதில்லை. அதனால் வேதசிரோமணி மூன்று மணிக்குப் பல்லாவரத்தில் இருந்த அவர் வீட்டுக்கே போனார். சட்டைப்பையில் கடிதம். காலிங் பெல்லை அழுத்தினார். கதவைத் திறந்தது முதலாளியின் மனைவி ஹஃபீசா. தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "யாரு தம்பி?" என்றார்.

முதலாளியிடம் சொல்வதற்காக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை வேதசிரோமணி வாசற்படியிலேயே கொட்டிவிட்டார்.

"அம்மா, நான் வேதசிரோமணி, ஆபீஸ்ல வேலை செய்யறேன். சார்கிட்ட பொய் சொல்லிட்டேன்மா. அது கோடவுன் புரோகிராமே இல்ல, வெறும் விளையாட்டு. என்னை வேலையை விட்டு எடுத்துடட்டும். ஆனா பள்ளிக்கரணை, கூடுவாஞ்சேரி ஆளுங்களுக்கு இன்னைக்கே போன் பண்ணி, பெட்டியை இழுக்கலாம்னு சொல்லச் சொல்லுங்கம்மா. பாவம்மா அவங்க. குன்றத்தூர் பிளானை நான் போட மாட்டேன்."

ஹஃபீசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்துவிட்டார்.

"பள்ளிக்கரணையிலயும் நமக்குக் கோடவுன் இல்ல, குன்றத்தூர்லயும் இல்ல தம்பி, இவங்க நாப்பத்திமூணாவது லெவல்ல மாட்டிக்கிட்டு ரெண்டு நாளா சரியா சோறுகூடத் திங்கல, முதல்ல உள்ள வந்து அந்தப் பன்னெண்டு பெட்டியையும் தள்ளிக் குடுத்துட்டுப் போங்க!"